கையெழுத்துக்கு முன் புள்ளியைப் பாருங்கள்

ஸ்பானிய ஓவியர் சால்வடோர் டாலியின் லித்தோகிராஃப் (கல்லச்சு), ஓரத்தில் பென்சில் கையெழுத்து, 300 பிரதிகளில் ஒன்று என்று காட்டும் 120/300 என்ற எண். இது அசல்தானா என்று வாசகர் ஒருவர் கேட்கிறார். கையெழுத்து மட்டும் இதற்குப் பதில் சொல்லாது. வெற்றுத் தாள்களில் முன்கூட்டியே கையெழுத்திட்டுக் கொடுத்தவர் டாலி. 1974இல் அன்டோரா என்ற குட்டி நாட்டின் எல்லையில் பிரெஞ்சுச் சுங்கத்தார் நிறுத்திய வண்டியில் அப்படி 40,000 தாள்கள் இருந்தன. கையெழுத்து அசலாகவும் படம் போலியாகவும் இருக்கலாம்.

ஆகவே மை எப்படித் தாளில் ஏறியது என்று பாருங்கள். சட்டத்திலிருந்து தாளை வெளியே எடுத்து, 10 மடங்கு பெரிதாக்கும் லூப்பை (உருப்பெருக்கிக் கண்ணாடியை) வெளிர்நிறப் பகுதிமேல் வையுங்கள். கல்லச்சில் ஓவியர் சுண்ணாம்புக் கல்மேல் கொழுப்புக் கிரேயானால் வரைவார். ஈரமான கல் மையைத் தள்ளும், கொழுப்பு பிடித்துக்கொள்ளும். பெரும்பாலும் நிறத்துக்கொரு கல், பச்சைக்குப் பச்சை மையே. லூப்பில் ஒழுங்கற்ற துகள்கள் தெரியும்.

ஆஃப்செட் இயந்திரத்தில் அச்சான பிரதியில் தெரிவதோ புள்ளிகள் சேர்ந்த பூ வடிவம்! சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு புள்ளி வலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன. அங்குலத்துக்கு 150 புள்ளி வரிசைகள் என்றால் புள்ளிகளின் இடைவெளி சுமார் 0.17 மி.மீ. இரண்டு வலைகளை 5 பாகை மட்டும் திருப்பி அடுக்கினால், ஏறக்குறைய 2 மி.மீ. அகலத்தில் அசிங்கமான அலைகள் படமெங்கும் ஓடும். கோணம் கூடக்கூட அலை சுருங்கும். 30 பாகையில் 0.33 மி.மீ. ஆகிவிடும், வெறுங்கண் அதைக் கவனிக்காது. அதனால்தான் வழக்கமாக சயானுக்கு 15, கறுப்புக்கு 45, மெஜந்தாவுக்கு 75 பாகை. மஞ்சளுக்கு 30 பாகை இடம் மிஞ்சுவதில்லை. 0 பாகையில், பக்கத்து வலையிலிருந்து 15 பாகை மட்டுமே தள்ளி நிற்கிறது. வெளிர்நிறம் என்பதால் அதன் அலை கண்ணில் படாது. அழிக்க முடியாத அலையைக் கண்ணுக்கு எட்டாத அளவுக்குச் சுருக்கிவிட்டார்கள். லூப்பில் தெரியும் பூ அந்தச் சுருங்கிய அலைதான். எனக்கு இது பல ஓவியங்களைவிட அழகு.

பூ இல்லாவிட்டால் உடனே மகிழ வேண்டாம். இங்க்ஜெட் தூவும் புள்ளிகள் கல்லின் துகள்களைப் போலவே சிதறியிருக்கும். ஆனால் சாம்பல் நிழலுக்குள் தனித்தனியாக சயான், மெஜந்தா புள்ளிகள் தெரிந்தால் அது கல்லச்சு அல்ல. ஜெலட்டின் பூசிய தகட்டிலிருந்து அச்சிடும் கொலோடைப்பில் வரிசைப் புள்ளியே இல்லை, ஜெலட்டின் சுருங்கிய நுண்மடிப்புகள்தான். எதிர்ப்பக்கமும் உண்டு: ஒளிப்பட அடிப்படைமேல் ஓவியர் ஊசியால் கீறிய கலப்பு அச்சுகளில் புள்ளிகள் நியாயமாகவே இருக்கும். பதிப்பு விவரத்தைக் கலைஞரின் அச்சுப் பட்டியலோடு ஒப்பிடுங்கள்.

120 என்பது 120ஆவதாக அச்சானது என்று பொருளல்ல. எண்ணிடுவது வேறு வேலை. விற்பவர் தரும் சான்றிதழைத் தாயத்து மாதிரி நம்புவோர் பலர். அச்சடித்தவர், ஆண்டு, தாள் எதுவும் எழுதாத சான்றிதழ் வெறும் காகிதம்.

தாளையும் சோதியுங்கள். இருட்டில் புற ஊதா விளக்கைக் காட்டுங்கள். தாளை வெண்மையாகக் காட்டும் ஒளிர்வேற்றி ரசாயனங்கள் பரவலாகச் சேர்ந்தது 1950 வாக்கில். 1930களின் அச்சு என்று விற்கப்படுவது பளிச்சென நீலவெள்ளையாக ஒளிர்ந்தால் சந்தேகப்படலாம். ஒளிராவிட்டால் எதுவும் நிரூபணமாகவில்லை: ஒளிர்வேற்றி சேர்க்காத பருத்தித் தாள் இன்றும் தயாராகிறது.