சொந்தக்காரர்கள் போடும் ஐந்து ஸ்டார்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சிறு கடைகளுக்கு விளம்பர வேலை செய்து தருவது என் தொழில். புதிதாக ஒரு கடைக்காரர் வந்தால், அவருடைய கூகுள் ரிவ்யூக்களை முதலில் இருந்து படித்துவிட்டுத்தான் பேச உட்காருவேன். சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், வெருலம் என்று எந்தப் பக்கத்துக் கடையானாலும் ஒன்று அடிக்கடி கண்ணில் படும். ஒரே நாள் சாயங்காலம் வரிசையாக முப்பது நாற்பது ஐந்து ஸ்டார். பலவற்றில் ஒரு வார்த்தைகூட இருக்காது. போட்டவர்களில் பாதிப் பேருக்குக் கடைக்காரரின் குடும்பப் பெயரே இருக்கும். இருப்பது ஜோகன்னஸ்பர்க்கில், லண்டனில். அதற்கு முந்தைய நாள் யாரோ ஒருவர் கடையைத் திட்டி எழுதியிருப்பார். உடனே குடும்ப வாட்ஸ்அப் குழுவில், "எல்லாரும் போய் அஞ்சு ஸ்டார் போட்டுடுங்க" என்று செய்தி போயிருக்கும்.

பாசத்தில் செய்வதுதான். ஆனாலும் தயவுசெய்து செய்யாதீர்கள்.

நேரில் அனுபவிக்காத ஒன்றுக்கு ரிவ்யூ போடுவது கூகுளின் விதிகளுக்கு எதிரானது. பரிசு, தள்ளுபடி என்று எதையாவது கொடுத்துக் கேட்பதும், திருப்தியானவர்களிடம் மட்டும் பொறுக்கிக் கேட்பதும்கூடத் தடைதான். பிடிபட்டால் அந்த ரிவ்யூக்கள் நீக்கப்படும். அதைவிடப் பெரிய நஷ்டம், அவற்றைப் படிக்கும் வெளியாள் கடையை நம்பாமல் போவது. அம்மா ஸ்தானத்தில் இருக்கும் ஒரு பெண்மணி உண்மையாகவே ரசித்துச் சாப்பிட்டு, "நண்டுக் குழம்பு எங்க பாட்டி வைத்த மாதிரி இருந்தது" என்று எழுதியிருப்பார். அந்த நாற்பது வெற்று ஸ்டார்களுக்கு நடுவே அவர் எழுதியதும் பொய் மாதிரித் தெரியும். அந்த அம்மாவுக்கு இது அநியாயம் இல்லையா?

கடைக்காரர்கள் ஏன் பதறுகிறார்கள் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. கணக்கு அப்படி. பத்துப் பேர் ஐந்து ஸ்டார் போட்ட கடையில் ஒருவர் ஒரு ஸ்டார் போட்டால் சராசரி 4.6க்கு இறங்கிவிடும். இருநூறு பேர் போட்ட கடையில் அதே ஒரு ஸ்டார் விழுந்தால் அசைவே தெரியாது. அடி எப்போதும் சின்னக் கடைக்குத்தான். ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூலின் மைக்கேல் லூக்கா, அமெரிக்காவின் சியாட்டில் நகர உணவகங்களின் வருமானத்தை, யெல்ப் என்ற ரிவ்யூ தளத்தின் மதிப்பீட்டோடு ஒப்பிட்டு 2011இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். ஒரு ஸ்டார் கூடினால் வருமானம் 5 முதல் 9 சதவீதம் கூடுகிறது என்பது அவர் கண்டது. பல கிளைகள் வைத்திருக்கும் பெரிய உணவகங்களில் அந்த மாற்றம் இல்லை. அவற்றின் பெயர் முன்பே எல்லோருக்கும் தெரியும். தனிக் கடையைப் பற்றித் தெரிந்துகொள்ளத்தான் ரிவ்யூ தேவைப்படுகிறது.

டர்பனில் நம்மவர்கள் கடைகள் வாய்வழிப் பேச்சால் வளர்ந்தவை. இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த குழுப் பகுதிச் சட்டத்தால் 1960களில் குடும்பங்கள் சாட்ஸ்வொர்த்துக்கு விரட்டப்பட்ட பிறகும், எந்தக் கடையில் மசாலா நல்லது என்பது தெருவுக்குத் தெரு பேச்சிலேயே பரவியது. இன்று அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் ஜோகன்னஸ்பர்க்கில் வேலை பார்க்கிறார்கள். ஈஸ்டருக்கும் டிசம்பருக்கும் டர்பன் வரும்போது, பன்னி சௌ (குடைந்த ரொட்டிக்குள் குழம்பு) எங்கே நன்றாக இருக்கும் என்று தாத்தாவிடம் கேட்பதில்லை, போனில்தான் தேடுகிறார்கள். கூகுள் தேடலில் கடை எவ்வளவு மேலே வரும் என்பதிலும் ரிவ்யூக்களின் எண்ணிக்கைக்கும் மதிப்பெண்ணுக்கும் பங்கு உண்டு.

சரி, மோசமான ரிவ்யூ வந்துவிட்டது. என்ன செய்வது? பதில் எழுதுங்கள். 2023இல் லோட்ஷெட்டிங் என்ற முறைவைத்த மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது விழுந்த ஒரு ஸ்டார்கள் பல கடைகளில் இன்னும் பதில் இல்லாமல் கிடக்கின்றன. "முக்கால் மணி நேரம் நின்றோம், கார்டு மெஷினும் வேலை செய்யவில்லை" என்று இருக்கும். கூகுள் தேதி வரிசைப்படி காட்டுவதில்லை என்பதால் அந்தப் பழைய புகார் இன்றும் மேலேயே நிற்கலாம். ஒரு டேக்அவே கடைக்கு இப்படி எழுதிக் கொடுத்தேன்: "அன்று எங்கள் பகுதியில் மின்சாரம் இல்லை. கார்டு மெஷின் நின்றதை நீங்கள் வரிசையில் நிற்கும்போதே நாங்கள் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. மன்னிக்கவும். இப்போது இன்வெர்ட்டர் வைத்திருக்கிறோம்." அவ்வளவுதான். திட்டியவர் திரும்ப வருவாரோ மாட்டாரோ, அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். நாளைக்கு எங்கே சாப்பிடலாம் என்று தேடுபவர் இந்தப் பதிலைப் படிப்பார்.

கோபத்தில் மட்டும் எழுதாதீர்கள். குறிப்பாக பல் மருத்துவர், பிசியோதெரபி, அழகு நிலையம் நடத்துபவர்கள். "உங்களுக்கு ஏற்கெனவே சர்க்கரை இருக்கு, அதனால்தான் புண் ஆறவில்லை" என்று ஒரு பதிலைப் பொதுவில் பார்த்து எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமான போப்பியா 2021 ஜூலை 1 முதல் முழுமையாக அமலில் இருக்கிறது. உடல்நலத் தகவலுக்கு அதில் தனிப் பாதுகாப்பு உண்டு. வாடிக்கையாளர் அந்தச் சட்டத்தைக் கண்காணிக்கும் இன்ஃபர்மேஷன் ரெகுலேட்டரிடம் புகார் கொடுத்தால், ஒரு ஸ்டாரோடு போயிருக்க வேண்டியது வழக்கில் கொண்டுபோய் விடும். "எங்களை நேரில் அழையுங்கள், பேசுவோம்" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ரிவ்யூ விற்கிறோம் என்று வாட்ஸ்அப்பில் வருபவர்களுக்குப் பதிலே அனுப்பாதீர்கள். 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொய்யான விளம்பரத்தைத் தடுக்கிறது. காசு கொடுத்து வாங்கும் பாராட்டும் அதில் அடங்கும் என்பதே என் கருத்து.

அப்புறம், ரிவ்யூ கேட்பதில் இருக்கும் கூச்சம். "பிச்சை கேக்கற மாதிரி இருக்கு தம்பி" என்றார் ஃபீனிக்ஸில் பலகாரக் கடை வைத்திருக்கும் அக்கா ஒருவர். பில் கொடுக்கும்போது, "எப்படி இருந்ததோ அப்படியே கூகுளில் எழுதுங்கக்கா" என்று எல்லோரிடமும் ஒரே மாதிரி சொன்னால் போதும் என்றேன். வாரத்துக்கு இரண்டு மூன்று வந்தாலே வருடக் கடைசியில் நூறைத் தாண்டிவிடும்.

கடை நேரத்தையும் சரியாகப் போடுங்கள். புனித வெள்ளியன்று கடைக்காரர்கள் இசிபிங்கோ மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு போய்விடுவார்கள். கூகுளில் கடை திறந்திருப்பதாகக் காட்டிக்கொண்டிருக்கும். ஜோகன்னஸ்பர்க்கில் இருந்து ஆறு மணி நேரம் கார் ஓட்டி வந்த குடும்பம் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு ஒரு ஸ்டார் போட்டால் அவர்கள் மேல் தப்பில்லை. புனித வெள்ளிக்கும் டிசம்பர் 16, 25, 26க்கும் விடுமுறை நேரத்தை இப்போதே போட்டுவிடலாம். ஐந்து நிமிட வேலை.