பான்டியாக் வாங்கப் போகிறீர்களா? பேட்ஜைப் பார்த்துப் பணம் கொடுக்காதீர்கள்

போன வாரமும் ஒன்று வந்தது. பான்டியாக் என்ற அமெரிக்க கார் பிராண்டின் பெயர்பெற்ற வேக வண்டியான 1965 ஜி.டி.ஓ. என்று சொல்லி விற்ற வண்டி. கிரில்லில் ஜி.டி.ஓ. எழுத்து, முன் மட்கார்டில் பேட்ஜ், டிக்கி மூடியிலும் எழுத்து, பானட்டின் நடுவில் மூக்கு மாதிரித் துருத்தி நிற்கும் அந்தக் காற்று வாய், எல்லாம் பளபளவென்று இருந்தன. லிஃப்டில் ஏற்றி, இன்ஜின் பிளாக்கின் முன்முகத்தில் பயணி பக்கம் படிந்திருந்த எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, டார்ச் அடித்துப் பார்த்தேன். அங்கே குத்தியிருந்த எழுத்துக்குறி 326 கன அங்குல இன்ஜினுடையது. அது பான்டியாக்கின் சாதாரண வண்டியான லெ மான்ஸின் இன்ஜின். ஜி.டி.ஓ.வில் 389தான் வந்தது. வாங்கியவர் நம்ம ஊர்த் தம்பி. பல வருடச் சேமிப்பைக் கொட்டிவிட்டுத்தான் என்னிடம் கொண்டுவந்தார்.

பழைய அமெரிக்க கார்களை வாங்குவதற்கு முன்னால் சோதித்துச் சொல்வது என் தொழில். முன்னால் என்பதை அழுத்திச் சொல்கிறேன். பணம் கைமாறிய பிறகு என்னால் செய்ய முடிந்ததெல்லாம் கெட்ட செய்தியைச் சொல்வது மட்டும்தான். இந்தத் தம்பியைப் போல ஏமாந்தவர்களை ஒவ்வொரு கோடையிலும் பார்த்துச் சலித்துவிட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பான்டியாக்கில் மட்டும் இந்த ஏமாற்று ஏன் இவ்வளவு சுலபம்? அந்தக் கம்பெனி மேலே வந்த கதையிலேயே அதற்குப் பதில் இருக்கிறது.

ஜெனரல் மோட்டார்ஸ் 1926ல் ஓக்லாண்ட் என்ற தன் பிராண்டுக்குத் துணையாக, விலை குறைந்த வண்டியாகப் பான்டியாக்கை இறக்கியது. சில வருடங்களிலேயே ஓக்லாண்ட் மறைந்தது, துணைக்கு வந்தது நிலைத்தது. ஐம்பதுகளின் நடுவில்கூட அது ஆசிரியர்களும் வங்கி ஊழியர்களும் வாங்கும் அடக்கமான கார்தான். 1956ல் பொறுப்பேற்ற செமன் நட்சன் அதை இளைஞர்களின் வண்டியாக்க முடிவு செய்தார். பீட் எஸ்டிஸ், ஜான் டெலோரியன் என்ற இரண்டு பொறியாளர்களைக் கொண்டுவந்தார். பானட்டின் மேல் பல வருடமாக ஓடிக்கொண்டிருந்த வெள்ளிப் பட்டைகளைப் பிடுங்கி எறிந்தார். 1959ல் சக்கரங்களை அகலமாகத் தள்ளிவைத்து ‘வைடு டிராக்’ என்று விற்றார்கள். ரேஸிலும் ஜெயித்தார்கள். அறுபதுகளின் பெரும்பகுதியில் அமெரிக்க விற்பனையில் மூன்றாம் இடம் பான்டியாக்குக்குத்தான்.

1963 தொடக்கத்தில், ரேஸுக்கு இனி ஒரு காசு செலவழிக்கக் கூடாது என்று தலைமையகம் உத்தரவு போட்டது. நடுத்தர அளவு கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேல் இன்ஜின் வைக்கக் கூடாது என்ற விதியும் இருந்தது. ஆனால் டெலோரியனும் அவருடன் இருந்த பில் காலின்ஸ், ரஸ் ஜீ ஆகியோரும் பெரிய காரின் 389 இன்ஜினை நடுத்தர டெம்பெஸ்ட் உடலுக்குள் இறக்கிப் பார்த்துவிட்டார்கள். வெளி அளவில் 326ம் 389ம் ஒன்றேதான் என்பதால் வேலையும் சுலபமாக முடிந்தது. புது மாடல் என்றால் மேலிடத்தின் அனுமதி வேண்டும். ஏற்கெனவே இருக்கிற மாடலுக்கு ஒரு ஆப்ஷன் என்றால் வேண்டாம். அதனால் 1964ல் ஜி.டி.ஓ. தனி மாடலாக வரவில்லை, டெம்பெஸ்டின் ஒரு வகையான லெ மான்ஸுக்கு 300 டாலருக்கும் சற்றுக் குறைந்த விலையில் ஒரு ஆப்ஷனாக வந்தது. 325 குதிரைத்திறன். மூன்று கார்புரேட்டர் போட்டால் 348. விற்பனைப் பிரிவு ஐயாயிரம் போனால் பெரிது என்று நினைத்தது. முதல் வருடமே 32,450 போனது. 1966ல் கிட்டத்தட்ட 97,000.

இப்போது கவனியுங்கள். ஆப்ஷன் என்பதால் 1964, 1965 வண்டிகளின் வின் எண்ணில், அதாவது வண்டியின் அடையாள எண்ணில், ஜி.டி.ஓ. என்ற தகவலே இல்லை. 1965 ஜி.டி.ஓ.வின் எண் 237 என்று தொடங்கும், சாதாரண லெ மான்ஸும் 237 என்றுதான் தொடங்கும். தனி மாடல் ஆன 1966 முதல் 1971 வரைதான் 242 என்ற தொடக்கம் ஜி.டி.ஓ.வைக் காட்டிக்கொடுக்கும். 1972ல் மறுபடியும் அது ஆப்ஷன் ஆகிவிட்டது. ஆக, “வின் எண்ணை நெட்டில் போட்டுப் பார்த்தேன் சார், கரெக்டா வருது” என்று 1965 வண்டியைக் காட்டாதீர்கள். அங்கே கரெக்டாக வருவது லெ மான்ஸ்.

இதைவிட என்னை அதிகம் எரிச்சல்படுத்துவது ‘நம்பர் மேட்சிங்’ என்ற பேச்சு. விற்பவர் இதைச் சொன்னதும் வாங்குபவர் முகம் மலர்ந்துவிடுகிறது. எந்த நம்பர் எந்த நம்பரோடு ஒத்துப்போகிறது என்று ஒருவரும் கேட்பதில்லை. பான்டியாக் இன்ஜின் பிளாக்கில் வண்டியின் வின் எண்ணின் பகுதியைக் குத்தத் தொடங்கியது 1968 மாடலில்தான். அதற்கு முந்தைய பிளாக்கில் வண்டியின் எண்ணே கிடையாது. இருப்பது எந்த வகை இன்ஜின் என்பதற்கான குறியும், இன்ஜினுக்கென்று தனி வரிசை எண்ணும்தான். அதனால் 1965 வண்டிக்கு நம்பர் மேட்சிங் என்று ஒருவர் சொன்னால், அதிகபட்சம் அந்த வகை இன்ஜின் அந்த வருடத்துக்குப் பொருந்துகிறது என்றுதான் பொருள். அதே இன்ஜின்தான் அந்த வண்டியோடு தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தது என்று அந்தக் குறி சொல்லவே சொல்லாது. வேறு வண்டியிலிருந்து கழற்றிய 389ஐ லெ மான்ஸில் உட்காரவைத்தாலும் குறி சரியாகவே இருக்கும்! சரி, 1968க்குப் பிந்தைய வண்டி என்றால் நிம்மதியா? அதுவும் இல்லை. பழைய எண்ணை மழித்துவிட்டுப் புதிதாகக் குத்துபவர்கள் இருக்கிறார்கள். எண் குத்திய இடம் சுற்றியுள்ள பரப்பைவிட வழவழப்பாக இருந்தாலோ, எழுத்துகள் வரிசை தப்பி ஆழம் மாறி இருந்தாலோ சந்தேகப்படுங்கள். எண்ணை மாற்றிக் குத்துவதற்கே வெட்கப்படாத ஆள், மற்றதற்கும் வெட்கப்பட மாட்டான்.

இத்தனைக்கும் தீர்வு ஒரு காகிதம். பான்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸ் என்ற அமைப்பிடம் 1961 முதலான தொழிற்சாலை விற்பனைப் பதிவுகள் இருக்கின்றன. வின் எண்ணைக் கொடுத்துக் கட்டணம் கட்டினால், அந்த வண்டி என்ன இன்ஜின், என்ன ஆப்ஷனோடு எந்த டீலருக்குப் போனது என்ற நகல் வந்துவிடும். வண்டி விலையோடு ஒப்பிட்டால் அந்தக் கட்டணம் ஒன்றுமே இல்லை. விற்பவரே ஒரு நகலைக் காட்டினாலும் நீங்களும் ஒன்று வரவழையுங்கள். “அதெல்லாம் தேவையில்லை, நாளைக்கு இன்னொருத்தர் பார்க்க வர்றார்” என்று அவசரப்படுத்தினால் எழுந்து வந்துவிடுங்கள். லெ மான்ஸை லெ மான்ஸ் விலைக்கு வாங்கி ஜி.டி.ஓ. மாதிரி அலங்கரித்து ஓட்டுவதில் தப்பே இல்லை. அதை ஜி.டி.ஓ. விலைக்கு வாங்குவதுதான் கொடுமை.

அடுத்தது டிரான்ஸ் ஆம், பான்டியாக் ஃபயர்பேர்டின் வேகமான வகை. 1969ல் வந்தபோது 697 வண்டிகள்தான் செய்தார்கள், அதில் திறந்த கூரை வண்டி வெறும் 8. பத்து வருடம் கழித்து, 1979ல் மட்டும் 1,17,000க்கு மேல். இடையில் ஒரு திரைப்படத்தில் ஓடிய கருப்பு வண்டியும் பானட்டில் விரிந்த தங்கப் பறவையும் செய்த வேலை அது. கருப்பாகப் பறவையோடு நிற்கிற ஒவ்வொன்றும் தொழிற்சாலையே அப்படிச் செய்து அனுப்பிய ஸ்பெஷல் எடிஷன் இல்லை என்பதை முதலில் மனதில் போட்டுக்கொள்ளுங்கள். கருப்புப் பெயின்டும் ஸ்டிக்கரும் யார் வேண்டுமானாலும் வாங்கலாம்.

இன்ஜின் விஷயம் இன்னும் முக்கியம். 1977 முதல் 1979 வரை டிரான்ஸ் ஆமின் பானட்டிலிருந்து துருத்தி நிற்கும் காற்று வாயில் ‘டி/ஏ 6.6’ என்று இருந்தால் பான்டியாக்கின் சொந்த 400 இன்ஜின், அதிலும் வலிமையான வகை. ‘6.6 லிட்டர்’ என்று இருந்தால் அது சாதாரண 400 ஆகவோ ஓல்ட்ஸ்மொபைலின் 403 ஆகவோ இருக்கலாம். ஸ்டிக்கரை நம்பாதீர்கள், வின் எண்ணின் ஐந்தாவது எழுத்தைப் பாருங்கள். இசட் என்றால் பான்டியாக், கே என்றால் ஓல்ட்ஸ்மொபைல். எண் கைவசம் இல்லையா? பானட்டைத் தூக்குங்கள். எண்ணெய் ஊற்றும் குழாய் இன்ஜினின் முன்புறம் நிமிர்ந்து நின்றால் ஓல்ட்ஸ்மொபைல், வால்வு கவரில் மூடி இருந்தால் பான்டியாக். 403 மோசமான இன்ஜின் இல்லை, தினசரி ஓட்ட அது போதும். ஆனால் விலை வேறு.

சரிவு எங்கே தொடங்கியது என்று கேட்டால் பெரும்பாலானோர் 1973 எண்ணெய் நெருக்கடி என்பார்கள். அதற்கு முன்பே பிடி விழுந்துவிட்டது. இளைஞர்களுக்கு இன்ஷூரன்ஸ் கட்டணத்தை ஏற்றிவிட்டார்கள். 1970 தூய காற்றுச் சட்டம் வந்தது, 1971 மாடல்களிலேயே இன்ஜின்களின் கம்ப்ரெஷன் இறங்கி, வலிமையும் குறைந்துவிட்டது. ஜி.டி.ஓ. 1974ல் வென்ச்சுரா என்ற சின்ன வண்டியின் ஆப்ஷனாகச் சுருங்கி, 7,058 விற்று, முடிந்தது. இவையெல்லாம் எல்லாக் கம்பெனிக்கும் வந்த கஷ்டம். பான்டியாக்கைக் கொன்றது வேறு. பெயர் இருந்தால் போதும், உள்ளே எது இருந்தாலும் விற்றுவிடலாம் என்று தலைமையகம் நம்பியது. 1981ல் பான்டியாக்கின் சொந்த வி-8 இன்ஜின் நின்றது. அதன் பிறகு பெரும்பாலும் மற்ற பிராண்டுகளின் வண்டிக்கு வேறு கிரில், வேறு விளக்கு. லெ மான்ஸ் என்ற பெயரையே 1988ல் கொரியாவில் தேவூ செய்த ஒரு சின்னக் காரின் மேல் ஒட்டினார்கள். தொண்ணூறுகளில் நம் ஊர்ச் சாலையில் ஓடிய தேவூ சியலோ அதே வண்டியின் முகம் மாற்றிய வடிவம்தான். ஜி.டி.ஓ.வுக்குத் தாயாக இருந்த பெயர் அது! எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

இடையில் ஃபியரோ என்று சீட்டுக்குப் பின்னால் இன்ஜின் வைத்த ஒரு நல்ல முயற்சி 1984ல் வந்தது. எண்ணெய் குறைந்தால் கனெக்டிங் ராட் உடைந்து தீப்பிடித்த கதைகளால் பெயர் கெட்டது. 1988ல் சஸ்பென்ஷனைச் சரியாகத் திருத்தினார்கள், அதே வருடம் நிறுத்தியும் விட்டார்கள். அஸ்டெக் என்ற அவலட்சணமான வண்டி பற்றி நான் சொல்ல எதுவும் இல்லை. 2002ல் ஃபயர்பேர்டு போனது. 2004ல் ஆஸ்திரேலியாவின் ஹோல்டன் மொனாரோவைக் கொண்டுவந்து ஜி.டி.ஓ. பெயர் வைத்தார்கள். வண்டி அருமை, ஆனால் பார்த்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். 2009 ஏப்ரல் 27 அன்று பான்டியாக்கை மூடுவதாக அறிவிப்பு வந்தது, ஜூன் 1ல் ஜெனரல் மோட்டார்ஸே திவால் மனு போட்டது. திவாலால்தான் பான்டியாக் செத்தது என்பவர்களுக்கு இந்தத் தேதிகளை ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

சொல்லப்போனால் 2004 முதல் 2006 வரையிலான ஜி.டி.ஓ.வையும் அதே ஹோல்டன் செய்த 2008, 2009 பான்டியாக் ஜி8 காரையும் நான் தயங்காமல் சிபாரிசு செய்வேன். இந்த ஜி.டி.ஓ.வில் முன் டயரின் உள்பக்கத்தைக் கையால் தடவிப் பாருங்கள், சஸ்பென்ஷன் ஸ்ட்ரட்டில் உரசிய தடம் இருந்தால் சஸ்பென்ஷனின் ரப்பர் புஷ் போய்விட்டது. ஹோல்டன் தொழிற்சாலையே 2017ல் மூடியாயிற்று, ஆகவே அடிபட்ட வண்டி வேண்டாம். பாடி பாகம் தேடியே அலைய வேண்டியிருக்கும்.

பழைய வண்டி என்றால் முதலில் காந்தம் எடுத்துப் போங்கள். பின் சக்கரத்தைச் சுற்றியும் கதவுக்குக் கீழேயும் வைத்துப் பாருங்கள். ஒட்டவில்லை என்றால் உள்ளே பட்டிதான், தகடு இல்லை. டிக்கி விரிப்பைத் தூக்கித் துரு இருக்கிறதா என்று பாருங்கள். துரு தேட வேண்டிய மற்ற இடங்கள் இவை. ஃபயர்பேர்டு என்றால் பின் கண்ணாடியின் அடி விளிம்பு. டி-டாப் எனும் கழற்றும் பலகைகள் வைத்த கூரை இருந்தால் சீட்டுக்கு அடியில் தரை. ஜி.டி.ஓ. என்றால் பின் ஆக்ஸிலை ஒட்டிய சேஸி. மழை நாளில் வண்டி பார்க்கப் போகாதீர்கள், ஈரத்தில் எந்தப் பெயின்டும் அழகாகத்தான் இருக்கும். அதிகம் ஓடாமல் நிறுத்தி வைத்த இன்ஜின் என்று பெருமையாகச் சொன்னால் டைமிங் கியரை மாற்றக் காசு ஒதுக்குங்கள். அதில் நைலான் பற்கள் உண்டு, வயதானால் உதிர்ந்து எண்ணெய்ப் பம்பை அடைக்கும்.

கடைசியாக ஒன்று, இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். 1966 வரையிலான ஜி.டி.ஓ.வில் நான்கு சக்கரமும் டிரம் பிரேக், பிரேக்குக்கு அழுத்தம் தரும் மாஸ்டர் சிலிண்டரும் ஒற்றைச் சுற்று. எங்காவது ஒரு ஹோஸ் வெடித்தால் நான்கு சக்கரத்திலும் பிரேக் போய்விடும். இன்றைய காரில் பழகிய காலுக்கு இது புரியாது. வாங்கிய அன்றே குழந்தைகளை ஏற்றிக்கொண்டு ஃப்ரீவேக்குப் போகாதீர்கள். இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டர் விலை அதிகமில்லை, பழையதைக் கழற்றிப் பத்திரமாக எடுத்து வைத்தால் வண்டியின் மதிப்பும் குறையாது. அதுவரை, ஒவ்வொரு முறை கிளப்பும்போதும் பெடலை மிதித்து ஒரு நிமிடம் அப்படியே அழுத்திப் பிடியுங்கள். கால் மெல்லக் கீழே இறங்கினால் வண்டியை நகர்த்த வேண்டாம், டோ டிரக்கைக் கூப்பிடுங்கள்.