ஆட்டம் கழுத்தில் இருக்கிறது

வியாசர்பாடி முல்லை நகர் மைதானத்தில் மாலைக் கால்பந்து ஆட்டம் பார்க்க நிற்பவர்களின் கண்கள் பந்தோடுதான் ஓடும். இரண்டு பேரை ஏமாற்றிப் பந்தைக் கொண்டுபோகிறவருக்கே கைதட்டல். வடசென்னையின் ரசனை அப்படி. இந்தியாவுக்கு ஆடிய நந்தகுமார் சேகர் என்ற விங்கர், அதாவது மைதானத்தின் ஓரமாக ஆடும் தாக்குதல் வீரர், இந்தப் பகுதியிலிருந்து வந்ததில் வியப்பில்லை. 2023 டூரண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக ஈஸ்ட் பெங்காலை வெல்ல வைத்த ஒரே கோல் அவர் அடித்தது. ஆனால் விங்கருக்கு ஒரு வசதி உண்டு. ஒரு பக்கம் எல்லைக்கோடு இருப்பதால் அங்கிருந்து யாரும் வந்து மோதமாட்டார்கள். எதிரணியின் நடுக்களத்துக்கும் தடுப்பு வரிசைக்கும் நடுவே நின்று பந்து வாங்கும் தாக்கும் நடுக்கள வீரருக்கு, அதாவது பழைய வழக்கப்படி 10ஆம் எண் சட்டை அணிபவருக்கு, நான்கு திசையிலும் ஆள் இருப்பார்கள்.

அவர் எப்படிப்பட்டவர் என்று அறிய அவருடைய காலைப் பார்த்துப் பயனில்லை. பந்து வருவதற்கு முன் அவர் கழுத்து என்ன செய்கிறது என்று பாருங்கள்.

காரணம் கண்ணின் அமைப்பில் இருக்கிறது. இரு கண்களும் சேர்ந்து ஏறக்குறைய 200 பாகை அகலத்தைப் பார்க்கின்றன. ஆனால் தெளிவாகத் தெரிவது நடுவில் சுமார் 2 பாகை மட்டுமே. கையை நீட்டிக் கட்டைவிரலை நிமிர்த்தினால் நகம் மறைக்கும் அளவுதான் அது. ஓரப்பார்வை அசைவைக் கண்டுகொள்ளும். அசைந்தவர் நம் ஆளா, எதிராளியா, எந்தக் காலை ஊன்றி நிற்கிறார் என்பதையெல்லாம் அது சரியாகச் சொல்லாது. முதுகுப்பக்கமோ முழு இருட்டு. அங்கிருந்து ஓடிவரும் தடுப்பு வீரர் நொடிக்கு 7 மீட்டர் வேகத்தில் வந்தால் அரை நொடியில் மூன்றரை மீட்டர் கடந்துவிடுவார். எதிர்பார்த்திருந்த ஒரு விளக்கு எரிந்ததும் பொத்தானை அழுத்தவே மனிதருக்கு 0.2 நொடி ஆகிறது. பல வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க இன்னும் கூடுதல் நேரம் வேண்டும். ஆகவே பந்து காலில் பட்ட பிறகு நிமிர்ந்து பார்ப்பவர் தோற்றுவிட்டார்.

20 மீட்டர் தூரத்திலிருந்து நொடிக்கு 15 மீட்டர் வேகத்தில் வரும் பந்து ஒரு நொடிக்கும் மேல் பயணம் செய்கிறது. அது புறப்படும் விதத்தைப் பார்த்தாலே பாதை புரிந்துவிடும். காலில் படும் தருணத்தில் மறுபடி பார்த்தால் போதும். இடைப்பட்ட நேரம் சும்மா கிடக்கிறது. நல்ல நடுக்கள வீரர் அந்த நேரத்தில் பந்தை விட்டுவிட்டுத் தோளுக்குப் பின்னால் ஒருமுறை பார்த்துவிடுகிறார்.

நார்வே ஆய்வாளர் கெய்ர் யூர்டெட் இங்கிலாந்து பிரீமியர் லீக் வீரர்களின் தலையசைவுகளை வீடியோவில் எண்ணினார். பந்து வருமுன் அடிக்கடி திரும்பிப் பார்த்தவர்களின் பாஸ்கள் கூடுதலாகச் சரியாகச் சேர்ந்தன. அவர் எடுத்துக்காட்டும் வீரர்களில் ஒருவர் ஃபிராங்க் லாம்பார்டு. நடுக்களத்தில் ஆடிக்கொண்டே அந்த லீக்கில் 177 கோல் அடித்தவர். இதை வைத்துக் கழுத்தை ஆட்டினால் லாம்பார்டு ஆகிவிடலாம் என்று எண்ண வேண்டாம். நெருக்கடி குறைந்த இடத்தில் நிற்பவருக்குத் திரும்பிப் பார்க்கவும் எளிது, பாஸ் கொடுக்கவும் எளிது.

பார்ப்பது வேறு, பார்த்ததை மனத்தில் வைப்பது வேறு. 1973இல் சேஸ், சைமன் என்ற இரு உளவியலாளர்கள் சதுரங்கப் பலகையை 5 நொடி காட்டி, பிறகு காய்களை நினைவிலிருந்து அடுக்கச் சொன்னார்கள். உண்மையான ஆட்டத்திலிருந்து எடுத்த நிலை என்றால் வல்லுநர் புதியவரை எளிதாக முந்தினார். காய்களைக் கண்டபடி இறைத்து வைத்தபோது அந்த மேன்மை ஏறக்குறைய காணாமல் போனது. அவர் காய்களைத் தனித்தனியாக அல்ல, பழகிய கூட்டங்களாகப் பார்த்திருந்தார். கால்பந்திலும் ஒரு கணப் பார்வையில் பத்துப் பேர் நிற்கும் இடம் பிடிபடுவது இப்படித்தான். பல ஆண்டுகள் ஆடிய பழக்கமே அந்தக் கண்.

பந்தை நிறுத்தும் முதல் தொடுதல் முக்கியம்தான். பந்தோடு சேர்ந்து கால் சற்றுப் பின்வாங்கினால் மோதல் நேரம் நீள்கிறது, விசை குறைகிறது, பந்து அடங்குகிறது. உடலைப் பக்கவாட்டில் வைத்து வாங்கினால் திரும்பும் வேலை பாதி முடிந்துவிடும். இவற்றை எந்தக் கோச்சும் சொல்லிக்கொடுப்பார்.

சொல்லிக்கொடுக்கக் கடினமானது தடுப்பு வரிசையைப் பிளக்கும் பாஸ். பாஸ் கொடுக்கும்போது தடுப்பு வரிசையைத் தாண்டி நிற்பவர் அந்தப் பந்தை ஆடினால் தவறு என்கிறது ஆஃப்சைடு விதி. அது பார்ப்பது கொடுப்பவரின் கால் பந்தை முதலில் தொடும் கணத்தை. பந்து போய்ச் சேரும் கணத்தை அல்ல. நம் ஸ்டிரைக்கர், அதாவது கோல் அடிக்க முன்னே நிற்பவர், நொடிக்கு 7 மீட்டர் வேகத்தில் முன்னே ஓடுகிறார், தடுப்பு வரிசை 3 மீட்டர் வேகத்தில் எதிரே ஏறி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இருவருக்கும் இடையிலான நிலை நொடிக்கு 10 மீட்டர் மாறுகிறது. பாஸ் 0.1 நொடி தாமதித்தால் ஸ்டிரைக்கர் ஒரு மீட்டர் தாண்டியிருப்பார், துணை நடுவரின் கொடி உயரும். காலை வீசிப் பந்தை அடிக்கவே 0.2 நொடி ஆகும் என்றால், ஸ்டிரைக்கர் தடுப்பு வரிசையை எட்ட இன்னும் இரண்டு மீட்டர் இருக்கும்போதே முடிவெடுத்திருக்க வேண்டும். 2019-20இல் நடுக்கள வீரர் கெவின் டி புருய்னா 20 கோல்களுக்குப் பாஸ் கொடுத்து தியரி ஆன்ரியின் பிரீமியர் லீக் சாதனையைச் சமன் செய்தாரே, அவருடைய வலது காலைப் புகழ்பவர்கள் இந்தக் கணக்கையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

வடசென்னைப் பையன்களுக்கு இதில் ஒரு பாதி இயல்பாகவே வருகிறது. சிறிய இடத்தில், குறைந்த ஆட்களோடு ஆடும்போது பந்து ஒருவர் காலுக்கு அடிக்கடி வரும், எதிராளியும் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பார். கண்ணும் முதல் தொடுதலும் அங்கே தீட்டப்படுகின்றன. மறுபாதி அங்கே வராது. சந்து ஆட்டத்தில் ஆஃப்சைடு பார்ப்பவர் யார்? ஐவர் ஆட்டமான ஃபுட்சாலிலும் அந்த விதி இல்லை. தடுப்பு வரிசையைக் கணக்கிட்டுப் பந்தை விடும் பழக்கம் பதினொருவர் ஆடும் பெரிய மைதானத்தில்தான் கிடைக்கும். பல பையன்களுக்கு அந்த மைதானம் தாமதமாகவே வாய்க்கிறது என்பது என் எண்ணம்.

கழுத்தைப் பழக்க மூன்று பேர் போதும். ஒருவர் பந்தை உதைக்க, மற்றவர் வாங்க, மூன்றாமவர் வாங்குபவரின் முதுகுக்குப் பின்னால் பத்து மீட்டரில் நின்று விரல்களைக் காட்ட வேண்டும். பந்து காலில் படுமுன் எத்தனை விரல் என்று வாங்குபவர் சொல்ல வேண்டும். இரண்டு வாரத்தில் இது பழகிவிடும். பிறகு, பந்து பாதி வழி வந்ததும் மூன்றாமவர் விரல் எண்ணிக்கையை மாற்றட்டும்.