எண்பது கிலோ நெல் எங்கே போயிற்று?

மன்னார்குடிப் பக்கம் ஒரு நெல் வியாபாரிக்காக ஜாவா என்ற நிரல்மொழியில் கணக்கு நிரல் எழுதிக்கொண்டிருந்தேன். 7 மூட்டை, மூட்டைக்கு 40 கிலோ, ஆக 280 கிலோ. குவிண்டாலில் 2.8. திரையோ 2 என்றது. காணாமல் போன 80 கிலோவை ஒரு மாலை முழுவதும் தேடினேன்.

தவறு ஒரே சொல்லில் இருந்தது. முதலில் ‘டபிள் எடை = 280’ என்று, எடையைத் தசம எண்ணாக அறிவித்திருந்தேன். பிறகு நிரலைச் சுருக்கும் ஆசையில் டபிளை எடுத்துவிட்டு ‘வார்’ போட்டேன். முழு எண்ணா, தசம எண்ணா என்ற வகையை நீயே பார்த்துக்கொள் என்று, நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றித்தரும் கம்பைலரிடம் விடுவதுதான் வார். அது சமக்குறிக்கு வலப்புறம் பார்க்கும். அங்கே 280 புள்ளியில்லாமல் நின்றதால் முழு எண் என்று முடிவு கட்டியது. முழு எண்ணை 100 என்ற இன்னொரு முழு எண்ணால் வகுத்ததும் பின்னம் உதிர்ந்துவிட்டது. ஓர் எச்சரிக்கைகூட வரவில்லை.

இதற்காக வாரையே ஒதுக்குவது சரியல்ல. சி ஷார்ப் மொழியில் 2007 முதலும் ஜாவாவில் 2018 முதலும் அது இருக்கிறது. சி பிளஸ் பிளஸ்ஸில் 2011 முதல் இதே வேலையை ‘ஆட்டோ’ செய்கிறது. பலர் நினைப்பதுபோல் ‘மாறி’, அதாவது எடை என்பதுபோல் மதிப்பை வைக்கும் பெயர், வகையற்றதாகிவிடுவதில்லை. நிரல் ஓடுமுன்பே வகை உறுதியாகிவிடும். எண் வைத்த மாறியில் பிறகு ஊர்ப்பெயரை வைக்கப் பார்த்தால் கம்பைலர் மறுத்துவிடும். வேகமும் குறையாது.

எங்கள் பக்கத்தில் விதை நெல்லை உள்ளங்கையில் கொட்டிக் காட்டினால் போதும், சி.ஆர். 1009 குண்டு, ஆடுதுறை 43 சன்னம் என்று பார்த்ததும் சொல்லிவிடுவார்கள். நாற்றங்காலிலோ இரண்டும் ஒரே பச்சை. ஆடுதுறை சுமார் 110 நாள் பயிர், சி.ஆர். 155 நாளையும் தாண்டும். அங்கே விதை மூட்டையில் தைத்திருந்த நீல அட்டைதான் சாட்சி.

வலப்புறத்திலேயே ‘புதிய மூட்டைப் பட்டியல்’ என்று எழுதியிருந்தால் அது கையில் இருக்கும் நெல். இடப்புறமும் அதே நீளப் பெயரை எழுதுவது வீண். வார் போடுங்கள், படிப்பவர் கண் மாறியின் பெயரில் நிற்கும். ஆனால் ‘கணக்கை எடு’ என்று வேறெங்கோ உள்ள செயல்கூறை, அதாவது பெயர் சொல்லி அழைக்கும் நிரல் துண்டை, அழைக்கும்போது வருவது தொகையா, பட்டியலா, வாடிக்கையாளர் பெயரா? அது நாற்றங்கால். அங்கே வகையை எழுதிவிடுங்கள். எண்களிலும் அப்படியே. நான் மீண்டும் ‘டபிள்’ என்று எழுதினேன், 2.8 வந்தது.