ரிமோட் பிளேனுக்குப் பற்றரி வாங்கப் போகிறீர்களா? தராசையும் எடுத்துக்கொண்டு போங்கள்

பெரும்போக வேளாண்மை வெட்டி முடிந்ததும் மட்டக்களப்புக் கல்லடியில் இருக்கிற என்னுடைய திருத்தும் கடைக்கு ரிமோட் பிளேன்கள் வரத் தொடங்கிவிடும். படுவான்கரைப் பக்கம் வெட்டின வயல்தான் நம்மட பொடியன்களுக்கு ஓடுபாதை. செட்டை உடைந்தது, வாலையும் செட்டை மடிப்பையும் அசைக்கிற சேர்வோவுக்குப் பல்லுப் போனது, மோட்டர் சுற்றாதது எல்லாம் வரும். ஆனால் அதிகமாகக் கேட்கிற கதை ஒன்றுதான்: "பற்றரி வீங்கிப்போச்சு அண்ணே, இதவிடப் பெரிசா ஒண்டு போட்டுத் தாங்க, கனநேரம் பறக்கட்டும்."

பெரிய பற்றரி போட்டால் கனநேரம் பறக்கும் என்பது பாதி உண்மை. மீதிப் பாதியில்தான் பிளேன் வாவிக்குள் விழுகிறது.

இங்கே கூடுதலாகப் பறப்பவை, முனைக்கு முனை ஒரு மீற்றர் அல்லது அதற்குக் கொஞ்சம் மேல் இருக்கிற ரெஜிஃபோம் பிளேன்கள். அவற்றில் பலவற்றுக்குப் பொருத்தமானது 3எஸ், 2200 எம்.ஏ.எச். லிப்போ. லிப்போ என்பது லித்தியம் பொலிமர் பற்றரி, எம்.ஏ.எச். என்பது அதில் எவ்வளவு கரண்ட் தேங்கும் என்பதன் அளவு. 3எஸ் என்றால் மூன்று செல் தொடராகக் கோத்தது, ஒரு செல்லுக்கு 3.7 வோல்ட், மொத்தம் 11.1. முழுதாகச் சார்ஜ் ஏறினால் ஒரு செல் 4.2, மொத்தம் 12.6. இந்த அளவுப் பற்றரி ஏறக்குறைய 170 முதல் 190 கிராம் இருக்கும். அதே 3எஸ்-இல் 5000 எம்.ஏ.எச். வாங்கினால் 400 கிராமை எட்டிவிடும். ஒரு கிலோகூட இல்லாத பிளேனில் இன்னொரு 200 கிராமை ஏற்றினால் அது மேலே நிற்பதற்கே கூடிய வேகம் வேண்டும். இறக்கும்போதும் அதே வேகத்தில்தான் வந்து மோதும். கூட்டின எம்.ஏ.எச்.இல் ஒரு பங்கு, அந்தப் பாரத்தைத் தூக்குவதிலேயே கரைந்துபோகும்.

பாரத்தோடு அது வைக்கிற இடமும் முக்கியம். பற்றரி போட்டு மூடியை அடைத்த பிறகு, செட்டைக்குக் கீழே இரண்டு பக்கமும் ஒவ்வொரு விரல் நுனியை வைத்துப் பிளேனைத் தூக்கிப் பாருங்கள். செட்டையின் முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரையான அகலத்தில், முன்னாலிருந்து காற்பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையில் அது மட்டமாக நிற்க வேண்டும். சரியான இடம் பிளேனோடு வந்த தாளில் இருக்கும். மூக்குப் பக்கம் கொஞ்சம் சாய்ந்தால் சமாளிக்கலாம். வால் பக்கம் சாய்ந்தால் எறிந்த கையோடு மூக்கை மேலே தூக்கும், நின்ற இடத்தில் சரிந்து விழும். பெரிய பற்றரி மூக்குப் பெட்டிக்குள் போகாமல் பின்னுக்குத் தள்ளி வைத்த பிளேன்களுக்கு இதுதான் நடக்கிறது.

இனித் தராசுக்கு வருவோம். சம்மாந்துறையிலிருந்து ஒரு வாப்பா, மகனோடு வந்தார். ஒன்லைனில் எடுத்த புதுப் பற்றரி, லேபிளில் பொன்னிற எழுத்தில் 5000. "புதிசு தம்பி, ஆனா பழசு பறந்த நேரங்கூடப் பறக்குதில்ல." தராசில் வைத்தேன், 162 கிராம். மகன் எட்டிப் பார்த்துவிட்டு, "அப்ப உள்ளுக்க 2000 கூட இல்லையா நானா?" என்றான். கணக்கைப் பொடியன் சரியாகப் பிடித்துவிட்டான். வாப்பா காசு கொடுத்தது ஸ்டிக்கருக்கு. லேபிளில் எதையும் அச்சடிக்கலாம், கிராமில் பொய் சொல்வது கஷ்டம். வாங்குமுன், பெயர்பெற்ற கம்பனி ஒன்றின் அதே அளவுப் பற்றரி எத்தனை கிராம் என்று இணையத்தில் பார்த்துக்கொண்டு போங்கள். கடையில் உள்ளது அதைவிட நாலில் ஒரு பங்கு குறைந்தால் வைத்துவிட்டு வாருங்கள். டோர்ச்லைற்றுக்குப் போடுகிற உருளைச் செல்லில் 9900 என்று அடித்து விற்கிறார்களே, அதுவும் இதே சாதிதான்.

செல் எண்ணிக்கையைக் கூட்டுவது இதைவிட ஆபத்து. "3எஸ் போட்ட இடத்தில 4எஸ் போட்டா பறப்பு வேற மாதிரி" என்று வீடியோவில் பார்த்துவிட்டு வருகிறார்கள். வேற மாதிரித்தான். அதே மோட்டர், அதே விசிறி, வோல்ட் மட்டும் மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. மோட்டர் இழுக்கிற அம்பியர் அந்த அளவோடு நிற்காது, ஒன்றரை மடங்கையும் தாண்டும். 3எஸ்-இல் 22 அம்பியர் இழுத்தது 4எஸ்-இல் 35-க்கு மேல் போகும். பிளேனில் இருப்பது 30 அம்பியர் தாங்குகிற ஸ்பீட் கொன்ட்ரோலர், மோட்டருக்குப் போகிற கரண்டைக் கூட்டிக் குறைக்கிறது அதுதான். ரிமோட்டின் சிக்னலை வாங்குகிற ரிசீவருக்குக் கரண்ட் கொடுக்கிறதும் அதுதான் என்பதால், அது எரிந்தால் சேர்வோக்களும் செத்துப்போகும். பிறகு ரிமோட்டை எவ்வளவு ஆட்டினாலும் பயனில்லை. 4எஸ் வேண்டுமென்றால் சின்ன விசிறி, பெரிய கொன்ட்ரோலர், அதைத் தாங்கும் மோட்டர் மூன்றையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

லேபிளில் 30சி என்று போட்டிருப்பது, பற்றரி ஒரே நேரத்தில் எவ்வளவு அம்பியர் கொடுக்கும் என்பதைச் சொல்கிற எண், அதற்குக் கணக்கு லேசு. 2200 என்றால் 2.2 அம்பியர், அதை 30-ஆல் பெருக்கினால் 66. உங்கள் பிளேன் முழு வேகத்தில் இழுப்பது 22 என்றால் இது தாராளம். 100சி, 120சி என்று போட்டிருப்பதற்கு மேலதிகமாகக் காசு கொடுக்காதீர்கள், அவற்றில் பெரும்பங்கு விற்பனைக்காரரின் கற்பனை. மறுபக்கம், பழைய லெப்டொப் பற்றரியைக் கழற்றிச் செல் எடுத்துப் பிளேனுக்குக் கட்டுகிற கெட்டிக்காரர்களும் நம் ஊரில் இருக்கிறார்கள். அந்தச் செல்கள் நாலைந்து அம்பியரை நிதானமாகக் கொடுக்கப் பிறந்தவை. 22 அம்பியர் கேட்டவுடன் வோல்ட் படுத்துவிடும், கொன்ட்ரோலர் மோட்டரை நிறுத்திவிடும். அதுவும் பிளேன் ஏறிக்கொண்டிருக்கிற நேரத்தில்.

பிளக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். மஞ்சள் நிற எக்ஸ்.டி.60 என்றால் பிரச்சினை குறைவு, பிழையாகச் செருகவே விடாது. சின்னப் பிள்ளைகளின் ஒரு செல் பிளேன்களில் வருகிற வெள்ளைப் பிளக்கில்தான் வில்லங்கம். அச்சு ஒன்றுபோல இருக்கும், டக்கென்று பொருந்தும், ஆனால் சில தயாரிப்புகளில் சிவப்பும் கறுப்பும் இடம் மாறி இருக்கும். செருகிய நொடியில் பிளேனின் சேர்க்கிட் போர்ட் புகைந்துவிடும். பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் ஒரே பக்கமாகப் பிடித்து, சிவப்பு எந்தக் கை என்று பார்த்த பிறகு செருகுங்கள். பெரிய பற்றரியில் பிளக் மாற்ற வேண்டி வந்தால் ஒரு நேரத்தில் ஒரு வயரை மட்டும் வெட்டி, ஈயம் வைத்து முடித்த பிறகு மற்றதைத் தொடுங்கள். இரண்டையும் சேர்த்துக் கத்தரித்தால் குறடே ஷோர்ட் அடிக்கும்.

கடையிலேயே பார்க்கக்கூடிய இன்னொன்று, ஒவ்வொரு செல்லின் வோல்ட். ஒவ்வொரு செல்லிலிருந்தும் வயர் வருகிற வெள்ளை நிற பலன்ஸ் பிளக்கில் செருகுகிற சின்ன மீற்றர் இருக்கிறது, பற்றரி வாங்க முன் அதை வாங்குங்கள். நன்றாக வைத்திருந்த புதுப் பற்றரியில் மூன்று செல்லும் 3.8 அளவில் ஒட்டி நிற்கும். 3.82, 3.81, 3.41 என்று ஒன்று விலகி நின்றால் கடைக்காரர் எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம்.

கட்டாரில், துபாயில் இருக்கிற அண்ணனிடம் சொல்லி எடுப்பவர்களுக்கு: உதிரி லித்தியம் பற்றரியைக் கட்டி அனுப்புகிற பயணப் பொதிக்குள் போடக்கூடாது, கையில் கொண்டுவரும் பையில்தான் வரவேண்டும். 100 வோட்-மணிக்குக் குறைந்ததற்குப் பொதுவாகத் தனி அனுமதி தேவையில்லை, 3எஸ் 2200 என்பது, 11.1 வோல்ட்டை 2.2-ஆல் பெருக்க, 24 சொச்சம்தான். பிளக் முனைகளை டேப் சுற்றிக்கொண்டு வரச் சொல்லுங்கள். எத்தனை கொண்டுவரலாம் என்பதை ஏறுகிற விமானக் கம்பனியிடம் முதலே கேட்பது நல்லது.

நம்மட வெக்கை லிப்போவுக்கு எதிரி. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் பூட்டிய வானுக்குள் பற்றரியை விட்டுவிட்டு மீன் வாங்கப் போகாதீர்கள். பறந்து இறங்கிய சூட்டோடு சார்ஜ் போடவும் வேண்டாம், கையில் பிடித்தால் சூடு தெரியாத அளவுக்கு ஆறட்டும். 2200-க்கு 2.2 அம்பியரில், எல்லாச் செல்லையும் சமமாக ஏற்றுகிற பலன்ஸ் சார்ஜரில், சீமெந்துத் தரையில், ஆள் விழித்திருக்கும்போது போடுங்கள். மெத்தையில் வைத்து இரவு முழுக்க விடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். இரண்டு மூன்று நாளைக்குப் பறக்கப் போவதில்லை என்றால் முழுச் சார்ஜில் வைத்திருக்காமல் ஒரு செல் 3.8 அளவுக்கு இறக்கி வையுங்கள். புதுப் பற்றரி ஒரு சீசனிலேயே வீங்குவதற்கு அதிகமும் இதுதான் காரணம். கடற்கரையோர வீடு என்றால் பிளக்கில் பச்சை பிடித்திருக்கிறதா என்றும் பாருங்கள், உப்புக்காற்று பிடித்த பிளக் சூடேறும்.

வாவியில் விழுந்து எடுத்த பற்றரியை வெயிலில் காயவைத்துத் திரும்பப் பாவிக்காதீர்கள். வீங்கினதை அமத்துவதோ ஊசியால் குத்திக் காற்றெடுப்பதோ கூடவே கூடாது, தீ பிடிக்கும், அந்தப் புகை நெஞ்சுக்கு நஞ்சு. வெளியே மணலில் வைத்து, 12 வோல்ட் 21 வோட் சிக்னல் பல்ப் ஒன்றைக் கொழுவி, வெளிச்சம் முழுதாக அணையும்வரை விட்டு வெறுமையாக்குங்கள், பக்கத்தில் ஒரு வாளி மணலும் இருக்கட்டும். குப்பை லொறியில் போட வேண்டாம், இலத்திரனியல் கழிவு எடுப்பவர்களிடம் கொடுக்கலாம், அல்லது என்னிடம் கொண்டுவரலாம். ஆனால் பல்ப் போட்டு இறக்கிவிட்டுக் கொண்டு வாருங்கள். வீங்கின பற்றரியை ஸ்கூல் பேக்குக்குள் போட்டுக்கொண்டு பஸ்ஸில் வருகிற பொடியன்கள் இருக்கிறார்கள்.