யசாக்: ஜார் கேட்ட தோல் திறை

சைபீரியாவின் வேட்டைக்குடிகள் ஆண்டுதோறும் ரஷ்ய ஜாருக்குச் செலுத்திய விலங்குத் தோலுக்கு யசாக் என்று பெயர். பெரும்பாலும் சேபிள் தோல். கீரியளவே இருக்கும் அந்த விலங்கின் மென்மயிருக்கு ஐரோப்பாவிலும் சீனாவிலும் நல்ல விலை. யசாக்கைத் தமிழில் ‘வரி’ என்று எழுதிவிடுவது சுலபம், ஆனால் பிழை.

எழுத்துக்கூட்டலைப் பற்றி ஒரு வார்த்தை. ரஷ்ய உச்சரிப்பில் அழுத்தம் இரண்டாம் அசையில் விழுகிறது, எனவே யசாக். ‘யாசக்’ என்று நீட்டினால் யாசகம் நினைவுக்கு வரும். இரண்டுக்கும் உறவே இல்லை.

சொல்லின் வேர் மங்கோலியப் புல்வெளியில் இருக்கிறது. செங்கிஸ் கானின் சட்டத்துக்கு யாசா என்று பெயர். ஆணை என்ற பொருளோடு துருக்கிய மொழிகளில் புகுந்த இச்சொல், ரஷ்யாவின் வோல்கா நதிப் பகுதியில் ஆணைப்படி கானுக்கு, அதாவது அப்பகுதி மன்னருக்கு, செலுத்த வேண்டியதையும் குறித்தது. இன்றைய துருக்கியில் யசாக் என்றால் ‘தடை’. 1552-ல் ரஷ்ய ஜார் நான்காம் இவான், வோல்காப் பகுதிக் கானின் தலைநகரான கசானைக் கைப்பற்றியபோது, அதுவரை கானுக்குப் போன யசாக் அதே பெயரில் மாஸ்கோவுக்குப் போகத் தொடங்கியது. ஆள்பவர் மாறினார், சொல் மாறவில்லை. ஜார்களின் கிழக்குப் பேரரசு எந்த அளவுக்குக் கான்களின் அரசமைப்பை வாங்கிக்கொண்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

1580களில் எர்மாக் என்ற தலைவரின் கீழ் கொசாக்குகள் என்னும் எல்லைப்புறப் போர்வீரர்கள் யூரல் மலையைத் தாண்டிச் சைபீரியாவுக்குள் நுழைந்தார்கள். 1587-ல் தொபோல்ஸ்க், 1632-ல் யாகுட்ஸ்க் என்று மரக்கோட்டைகள் எழுந்தன. 1639-ல் பசிபிக் கரையையே தொட்டுவிட்டார்கள். ஓரிடத்தில் சேபிள் குறையக் குறைய அடுத்த ஆற்றுக்கு நகர்ந்ததுதான் இந்த வேகத்துக்கு முக்கியக் காரணம்.

வசூல் நடந்த விதத்தைப் பார்த்தால் சொல்லின் முழுப் பொருள் விளங்கும். முதலில் குலத்தலைவர் ‘ஷெர்த்’ என்னும் விசுவாசப் பிரமாணம் எடுக்க வேண்டும். பிறகு அவருடைய மகனோ தம்பியோ ‘அமானத்’, அதாவது பிணையாளாக, கோட்டைக்குள் அடைக்கப்படுவார். தோலைக் கொண்டுவரும் உறவினர்களுக்கு அவரை உயிரோடு காட்டிய பிறகே கைமாற்றம். வால், வயிற்றுப் பகுதி எதுவும் குறையாத முழுத்தோலாக இருக்க வேண்டும். யார் எத்தனை கொடுத்தார் என்பது யசாக் ஏட்டில் பதிவாகும். சேபிள் தோல்களை நாற்பது நாற்பதாகக் கட்டி மாஸ்கோவுக்கு அனுப்புவார்கள். கொடுத்தவருக்கு ஜாரின் அன்பளிப்பாகத் துணி, மணி, தகரம், கத்தி கிடைக்கும். பல குடிகள் இதைப் பண்டமாற்றாகவே எண்ணின; மாஸ்கோ அதை அடிபணிதலாகக் கணக்கெழுதியது.

ஷெர்த், அமானத் இரண்டும் அரபியிலிருந்து வந்தவை. நம் பத்திரங்களில் வரும் ‘ஷரத்து’ம், தமிழ் முஸ்லிம்கள் நம்பி ஒப்படைத்த பொருளைச் சொல்லும் ‘அமானித’மும் அதே வேர்களில் பிறந்தவையே. அடைக்கலப் பொருளைக் குறித்த சொல், சைபீரியாவில் அடைபட்ட மனிதனைக் குறித்தது வேதனை.

17-ஆம் நூற்றாண்டில் ஞானஸ்நானம் பெற்றவர் பொதுவாக யசாக் பட்டியலிலிருந்து நீங்கிவிடுவார். அதனாலேயே அரசு அப்போது மதமாற்றத்தில் பெரிதாக ஆர்வம் காட்டவில்லை. ஜார் முதலாம் பீட்டர் காலத்தில் நிலைமை மாறியது. திருச்சபை மும்முரமாக இறங்கியது. பீட்டர் கொண்டுவந்த, ஆளுக்கு இவ்வளவு என்ற தலைவரியின் வசூல் 1724-ல் தொடங்கியது. வோல்காப் பகுதியின் யசாக் குடிகளும் அதற்குள் வந்தார்கள், ஆனால் சைபீரிய வேட்டைக்குடிகள் யசாக்கிலேயே விடப்பட்டார்கள். வரி வேறு, யசாக் வேறு என்று அந்த அரசே பிரித்து வைத்திருந்தது.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? ‘கப்பம்’ பொருந்தும், ஆனால் இலங்கைத் தமிழில் அது இன்று மிரட்டிப் பறிக்கும் பணத்தைக் குறிக்கிறது. வென்ற வேந்தனுக்குத் தோற்றவன் அளிப்பதைச் சங்கப் பாடல்கள் ‘திறை’ என்கின்றன. பணிவை ஒப்புக்கொள்ளும் பொருள் இச்சொல்லிலேயே இருக்கிறது. மன்னன் மன்னனுக்குத் தருவது திறை. யசாக்கோ ஆள்கணக்கில் வாங்கப்பட்டது. இந்த வேறுபாடு இருந்தாலும் என் தேர்வு திறைதான். முதல்முறை ‘தோல் திறை (யசாக்)’ என்று எழுதிவிட்டு, பிறகு திறை என்றே தொடரலாம். பிற்காலத்தில் பல இடங்களில் பணமாகவும் வாங்கினார்கள். அங்கே வெறும் ‘திறை’ போதும்.

1917-ல் முடியாட்சி விழுந்தபின் யசாக் ஒழிக்கப்பட்டது. அதற்கு முன்பே, சைபீரியாவின் வடகிழக்குக் கோடியில் ரஷ்யப் படைகளை நெடுங்காலம் எதிர்த்து நின்ற சுக்சி மக்கள் மட்டும், 1822-ஆம் ஆண்டுச் சட்டப்படி, தாங்கள் விரும்பிய அளவே கொடுத்துவந்தார்கள்.