தோலுக்குள் நுழைந்ததும் அறுந்துபோகும் அணுக்கள்

பால் ஆகாது, முட்டை ஆகாது, வேர்க்கடலை பட்டாலே உதடு வீங்கும், கைகால் மடிப்பெல்லாம் கரப்பான், ராத்திரி முழுக்கச் சொறிந்து காலையில் தலையணை உறையில் ரத்தத் திட்டு. இப்படி ஒரு குழந்தையை "அலர்ஜி உடம்பு" என்று சொல்லிவிடுவோம், பெரும்பாலும் அது சரிதான். ஆனால் அதே குழந்தைக்கு மருக்கள் கூட்டம் கூட்டமாக வந்து போகாமலே இருந்தால், ஹெர்பிஸ் வைரஸ் புண்ணும் நிமோனியாவும் திரும்பத் திரும்ப வந்தால், டாக்8 (DOCK8) என்ற மரபணு பழுதாகியிருக்குமோ என்றும் சந்தேகிக்க வேண்டும்.

இந்த டாக்8 குறைபாட்டை அடையாளம் கண்டதே 2009-இல்தான். அது என்ன செய்கிறது என்பது 2014-இல் தெரிந்தபோது எனக்கு மனசு கனத்துப்போனது. கிருமியைத் தேடித் தோலுக்குள் போகும் டி அணு (வெள்ளை ரத்த அணுக்களில் ஒரு வகை), கயிற்றுக்கட்டில் பின்னல் மாதிரி நெருக்கமான கொலாஜன் என்ற புரத நார்களுக்கு இடையே உடம்பை நெளித்துத்தான் நகர வேண்டும். அப்போது அணுவின் முன்னும் பின்னும் சேர்ந்து நகரும்படி பார்த்துக்கொள்வது அந்த மரபணு உண்டாக்கும் டாக்8 புரதம். அது இல்லையென்றால் ஒரு முனை ஒரு பக்கமும் இன்னொரு முனை வேறு பக்கமும் இழுக்க, அணு சேமியா மாதிரி நீண்டு, உட்கருவும் இழுபட்டு, கடைசியில் அறுந்து செத்துப்போகிறது. நெருக்கடி இல்லாத இடத்தில் அதே அணுவுக்கு ஒன்றும் ஆவதில்லை! காவலுக்குப் போனவர்கள் வழியிலேயே இறந்தால் தோலில் வைரஸுக்குக் கொண்டாட்டம்தானே.

சரி, எதிர்ப்புச் சக்தி குறைந்த உடம்பில் அலர்ஜி எப்படி இவ்வளவு கூடுகிறது? மிஞ்சியிருக்கும் டி அணுக்கள் அலர்ஜிக்குத் தூண்டும் பக்கமாகவே சாய்கின்றன, அடக்கி வைக்கும் அணுக்களும் சரியாக வேலை செய்வதில்லை. அதனால் ரத்தத்தில் ஐஜிஇ (IgE) என்ற, அலர்ஜியைக் கிளப்பும் எதிர்ப்புப் புரதத்தின் அளவு ஆயிரக்கணக்கில் எகிறும். சாதாரணக் கரப்பானிலும் அது கூடும் என்பதால் அந்த எண்ணை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது, மரபணுப் பரிசோதனைதான் உறுதி சொல்லும்.

அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் இந்த நோய். அக்கா மகளை, மாமன் மகளைக் கட்டும் குடும்பங்களில் ஒரே பழுது இருவரிடமும் இருக்க வாய்ப்பு அதிகம். அப்படி இருந்தால் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு ஆபத்து.

எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை இதைக் குணப்படுத்தும். கரப்பான் அடங்கும், மருக்கள் மறையும். உணவு அலர்ஜி மட்டும் மெதுவாகத்தான் குறையும், சிலருக்கு முழுசாகப் போகாது. வயது ஏற ஏறப் புற்றுநோய் ஆபத்தும் கூடுவதால், சின்ன வயதிலேயே அந்த மாற்று சிகிச்சையைச் செய்துவிடப் பார்க்கிறார்கள்.